ஹட் பே ஜெட்டியில் நின்றுபோகும் மதிப்பெண்கள்

சற்று நீண்ட பதிவு. கல்வியியல், சமூகவியல் துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்கள் பொறுமையாகப் படித்துத் தங்கள் மறுப்புகளையும் எழுத வேண்டுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போது, செய்தித்தாள்கள் ஏறத்தாழ ஒரே தலைப்பை அச்சிடுகின்றன: ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகத் தேர்ச்சி’. அத்தலைப்பில் பொய் ஏதும் இல்லை. 2024இல் தமிழ்நாட்டுப் பிளஸ் டூ தேர்வில் மாணவிகளின் தேர்ச்சி 96.44 விழுக்காடு, மாணவர்களின் தேர்ச்சி 92.37 விழுக்காடு. அதே ஆண்டு சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் மாணவிகள் 91.52, மாணவர்கள் 85.12. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தைப் பின்பற்றுபவை. ஆகவே இந்த இரண்டாவது கணக்கில்தான் என் ஊரான ஹட் பேயும் அடங்கும்.

ஆனால் இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன. ‘மாணவி’ என்று நாம் ஒற்றைச் சொல்லில் அழைப்பவர் எந்த வீட்டு மாணவி? தேர்ச்சி பெற்ற மறுநாள் அவர் எங்கே போனார்? முதல் கேள்விக்கு விடை சொல்லும் பட்டியலை என் தீவு வைத்திருக்கவில்லை. இரண்டாம் கேள்வியைத் தேர்வு முடிவு கேட்பதே இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்காத வரையில் ‘பள்ளிச் சாதனை’ பற்றிய நம் ஆய்வுகள் பாதி உண்மையையே பேசும் என்பதுதான் இப்பதிவின் வாதம்.

முதலில், நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கூலி வேலைக்காகச் சிறிய அந்தமானுக்கு வந்தவர். அக்காவும் நானும் ஹட் பேயில் பிறந்தோம். எங்களுக்குள் இரண்டு வயது வித்தியாசம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் வங்காளம், கடைத்தெருவில் இந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அக்கா எட்டாம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு. அதன் பிறகு தகரக் கொட்டகையில் வாழ்ந்த காலத்திலும் அக்கா வகுப்பில் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மதியவேளையில் அந்தத் தகரத்தின் கீழ் யாராலும் உட்கார முடியாது. அவர் விடியற்காலையில் எழுந்து படிப்பார், பின் தண்ணீர் பிடிப்பார், பின் சமைப்பார், பின் பள்ளிக்கு வருவார். நான் எழுந்து நேராகப் பள்ளிக்குப் போவேன்.

பன்னிரண்டாம் வகுப்பிலும் அக்காதான் வகுப்பில் முதல். இரண்டாண்டுகள் கழித்து நான் எடுத்த மதிப்பெண் அவருடையதைவிடக் குறைவு. ஆனால் போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறியவன் நான்.

அக்காவைப் படிக்கக் கூடாது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சில கேள்விகள் மட்டும் எழுந்தன. விடுதியில் இடம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் யார் வீட்டில் தங்குவது? கப்பலில் துணைக்கு யார் போவது? போய் வர அப்பாவுக்கு எத்தனை நாள் கூலி போகும்? ஒவ்வொரு கேள்வியும் நியாயமானதாகவே இருந்தது. விடை தேடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கும் தேதி கடந்துவிட்டது. இரண்டாண்டுகள் கழித்து எனக்கும் அதே கேள்விகள்தாம். எல்லாவற்றுக்கும் அம்மா ஒரே விடை சொன்னார்: “பையன்தானே, எங்கேயாவது படுத்துக்குவான்.”

ஒரு வீட்டின் கதை தரவாகாது என்பதை ஆய்வாளனாக நான் அறிவேன். ஆயினும் எந்தத் தரவு திரட்டப்படவே இல்லை என்பதை ஒரு வீட்டின் கதை சுட்டிக்காட்டக்கூடும். அக்கா, தேர்வு முடிவுப் பட்டியலில் ‘தேர்ச்சி பெற்ற மாணவி’. அத்தோடு அவரைப் பற்றிய பதிவு முடிந்துவிட்டது.

இடத்தைப் பற்றிச் சில சொற்கள். ஹட் பே, சிறிய அந்தமான் தீவின் தலைமை ஊர், அதன் துறைமுகம். போர்ட் பிளேரிலிருந்து, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் நகரிலிருந்து, தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவு. இடையில் டங்கன் நீரிணை. கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் கப்பல் புறப்படுமா என்பதே அன்றாடச் செய்தி. 2011 கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 18,800. இத்தீவு முதலில் ஓங்கே பழங்குடியினருடையது. இன்று அவர்கள் நூற்றுச் சொச்சம் பேராகச் சுருங்கி, டுகாங் கிரீக் பகுதியில் வாழ்கிறார்கள். ஹர்மிந்தர் பேயில் நிக்கோபார் மக்கள். நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம் ஆகிய ஊர்களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியமர்த்தப்பட்டோர். இவர்களுக்கிடையே தமிழர், தெலுங்கர், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர் வழியினர். தீவுக்கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2011இல் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. பெரும்பான்மை மொழி என்று ஒன்று இல்லாத வகுப்பறை இது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். இத்தீவுகளில் பட்டியல் சாதி என்ற வகைப்பாடே இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி, எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்பது மாநிலவாரியாகவும் ஒன்றியப் பகுதிவாரியாகவும் அறிவிக்கப்படுகிறது. அந்தமான் நிக்கோபாருக்கு அப்படியொரு பட்டியல் அறிவிக்கப்படவில்லை. ஆகவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குப் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை சுழியம். தாய்நிலத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், பட்டியல் இல்லாத அல்லது தம் சாதி இடம்பெறாத இன்னொரு பகுதிக்குக் குடிபெயர்ந்தால், அத்தகுதியை அங்கு எடுத்துச்செல்ல இயலாது என்பதை 1990ஆம் ஆண்டு மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சாதி ஓர் இடத்தின் சமூக நிலைமையோடு சேர்த்தே பார்க்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. சட்ட நோக்கில் அதற்கு ஒரு தருக்கம் உண்டு.

ஆனால் வாழ்க்கை நோக்கில் என்ன நிகழ்கிறது? என் அப்பாவின் பழைய சான்றிதழில் ஒரு சாதிப் பெயர் உண்டு. அச்சாதிக்குரிய நிலமின்மையும் எழுத்தறிவின்மையும் அவரோடு கப்பல் ஏறி வந்தன. அவற்றுக்கு ஈடாகச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு கரையிலேயே நின்றுவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் அக்காவும் நானும் ‘பொதுப் பிரிவு’. பதவி உயர்வில் மாற்றலாகி வந்த அதிகாரியின் மகளும் ‘பொதுப் பிரிவு’. இருவரின் மதிப்பெண்களையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால், அச்சராசரி யாரைப் பற்றிப் பேசுகிறது?

தீவுகளின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் கவனிக்கத்தக்கது. 1942க்கு முன் இங்கு பிறந்தோரின் வழியினர், கரேன்கள், பாந்துகள், மாப்பிள்ளைகள் ஆகியோர் அதில் இடம்பெறுகிறார்கள். சாதியைவிட, எப்போது, எவரால் கொண்டுவரப்பட்டார்கள் என்னும் வரலாறே அதன் அளவுகோலாகத் தெரிகிறது. தண்டனைக் குடியேற்றத்தின் வரலாறு அதற்குக் காரணம். அதில் தவறு காண நான் முயலவில்லை. ஆனால் தம் செலவில் கூலிக்கு வந்தவரின் வரலாறு எந்தப் பட்டியலின் எந்த வரியிலும் அடங்குவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘அந்தமான் ஒரு சின்ன இந்தியா, இங்கே சாதி கரைந்துவிட்டது. இல்லாத ஒன்றை எண்ணச் சொல்லி ஏன் உயிர்ப்பிக்கிறீர்கள்?’ என்று என் ஊர்ப் பெரியவர்களே கேட்கிறார்கள். இதை எளிதில் ஒதுக்க முடியாது. சாதியைக் கேட்காத அண்டை வீட்டார் நடுவில் வளர்ந்ததன் நன்மையை நானே அனுபவித்திருக்கிறேன். ஆய்வுலகிலும் இதற்குச் சான்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், சாதி அறிவிக்கப்படாதபோது உயர்சாதி, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் புதிர்களைத் தீர்ப்பதில் வேறுபாடு இல்லை. மற்றவர் முன்னிலையில் சாதிப் பெயர் அறிவிக்கப்பட்டதும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் சரிந்தது. குழந்தைகளின் அறிவு மாறவில்லை. அவர்களைச் சுற்றி நின்ற சமூகத்தின் பார்வை நினைவூட்டப்பட்டது, அவ்வளவே.

அப்படியானால் எண்ணாமல் விடுவதுதானே நல்லது? இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். வகுப்பறையில் ஒரு குழந்தையின் சாதியை அறிவிப்பது வேறு. பெயர் மறைத்த தரவில் ஒரு சமூகத்தின் நிலையை அளப்பது வேறு. முன்னது காயம், பின்னது நோயறிதல். ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விடைத்தாளுக்கு வெவ்வேறு சாதி அடையாளங்களைத் தற்செயலாக இட்டு ஆசிரியர்களைத் திருத்தச் செய்தார்கள். தாழ்ந்த சாதி எனக் குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சற்றே குறைந்த மதிப்பெண் கிடைத்தது. பாலினம் சார்ந்து அத்தகைய பாரபட்சம் தென்படவில்லை. சாதியைக் கணக்கில் கொண்டு சோதித்ததால்தான் சாதிப் பாரபட்சத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. சாதி உண்மையிலேயே கரைந்துவிட்டது என்றால், அதையும் தரவுதானே மெய்ப்பிக்க வேண்டும்? பட்டியல் இல்லை என்பது சாதி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மேலும், சமூகப் பின்புலம் என்பது சாதி மட்டுமன்று. 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழுவினரின் அறிக்கை, மாணவரின் தேர்ச்சி வேறுபாட்டைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்புலமே மிகுதியும் விளக்குகிறது என்றது. பின்னர் பிரான்சில் பூர்தியூவும் பாஸ்ரோனும், வீட்டில் பேசும் மொழியும் பழகும் பண்பாடும் பள்ளியில் ‘அறிவு’ என்று மதிப்பிடப்படுவதைக் காட்டினார்கள். 1983இல் ஹெய்ன்மனும் லாக்ஸ்லியும் 29 நாடுகளின் தரவை ஒப்பிட்டு, நாடு எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்குப் பள்ளி, ஆசிரியர் ஆகியவற்றின் தரம் கற்றலில் பெரும்பங்கு வகிக்கிறது என்று வாதிட்டார்கள். இம்மூன்றையும் ஹட் பேயில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அரசு ஊழியரின் பிள்ளைக்கு ஆங்கிலச் செய்தித்தாளும் தனிப்பயிற்சியும் வீட்டிலேயே உண்டு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான் உண்டு. வேதியியல் ஆசிரியர் பணியிடம் ஓராண்டு காலியாக இருந்தால், முன்னவருக்கு அது அசௌகரியம். பின்னவருக்கு வேதியியலே இல்லை. ஆகவே பள்ளியின் குறை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. பின்புலம் வலுவற்ற பிள்ளைமீதே முழு எடையோடு விழுகிறது.

இனிப் பாலினம். மாணவிகள் ஏன் அதிகத் தேர்ச்சி பெறுகிறார்கள்? ‘பெண்கள் இயல்பாகவே பொறுப்பானவர்கள்’ என்பது விளக்கமன்று. அது இன்னொரு சுமை. என் ஊரில் நான் கண்டதைக் கருதுகோளாக முன்வைக்கிறேன். ஒரு பதினைந்து வயதுப் பையனுக்குப் பள்ளியைத் தவிரப் பல இடங்கள் உண்டு. ஜெட்டியில் சரக்கு இறக்கலாம், மீன்பிடிப் படகில் போகலாம், பாக்குத் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் அன்றாடம் கூலி வாங்கலாம், மாலையில் பந்து விளையாடலாம். அதே வயதுப் பெண்ணுக்கு வீட்டை விட்டு வெளியே போக அனுமதிக்கப்பட்ட இடம் பள்ளி ஒன்றுதான். தோழியரைச் சந்திக்கும் இடமும், தன் பெயரால் அழைக்கப்படும் இடமும், உழைப்புக்கு அங்கீகாரம் கிடைக்கும் இடமும் அதுவே. அந்த ஓரிடத்தை இழந்துவிடாமல் இருக்க அவர் படிக்கிறார். தேர்வில் தோற்றால் அடுத்த பேச்சு திருமணமாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, தேர்ச்சி விழுக்காட்டின் கீழே நிற்கும் எண்ணைக் கவனிக்க வேண்டும். விழுக்காடு தேர்வெழுதியவரை மட்டுமே கணக்கில் கொள்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படகுக்குப் போய்விட்ட பையனும், பத்தாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்ணும் தோல்வியடைந்தவர்களாகக்கூட எண்ணப்படுவதில்லை. ஏழை வீட்டுப் பையன்களின் இடைநிற்றல் உண்மையான சிக்கல். ‘பெண்கள் முந்திவிட்டார்கள், ஆண்களைப் பற்றி யார் கவலைப்படுவது’ என்று கேட்போரிடம் நான் முழுதும் முரண்படவில்லை. ஆனால் அந்தப் பையனைப் பள்ளியிலிருந்து இழுத்தது பெண்ணின் முன்னேற்றமன்று. வீட்டின் வறுமையும் கையில் கிடைத்த கூலியும். அவனுடைய இழப்பையும் அவளுடைய இழப்பையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகப் பார்க்கவே நான் கோருகிறேன்.

இரண்டு, பள்ளி முடிந்தவுடன் பெண்ணின் அந்த ஓரிடமும் முடிந்துவிடுகிறது. இந்திய அளவில், உயர்கல்வி பற்றிய அரசின் 2020-21 கணக்கெடுப்பின்படி, 4.14 கோடி மாணவர்களில் 2.01 கோடி பேர் பெண்கள், ஏறத்தாழச் சரிபாதி. பெருமைப்பட வேண்டியதுதான். அதே நாட்டில் ஐ.ஐ.டி.களில் பெண்கள் மிகக் குறைவாக இருந்ததால், 2018இல் கூடுதல் இடங்களை உருவாக்கி 14 விழுக்காட்டிலிருந்து தொடங்கி, 2020இல் 20 விழுக்காட்டை எட்ட வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் முந்தியவர்கள் அடுத்த வாயிலில் எங்கே மறைந்தார்கள்? பயிற்சி மையத்துக்கு வேறூர் அனுப்பும் செலவு மகனுக்கு முதலீடாகவும் மகளுக்கு வீண்செலவாகவும் கருதப்படும் வீடுகளில்தான். 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் உழைப்புப் பங்கேற்பு 78.5 விழுக்காடு, பெண்களுடையது 37. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட, ஆண்கள் 97 நிமிடங்களே செலவிடுகிறார்கள். அக்கா தண்ணீர் பிடித்த காலைப்பொழுதுகள் இந்த 299இன் பயிற்சிக்காலம்.

ஆகவே பாலினமும் பின்புலமும் இரண்டு தனித்தனிக் காரணிகள் அல்ல. ஆய்வேடுகளில் நாம் ‘பாலினத்தின் தாக்கம்’ என்று ஓர் அட்டவணையும் ‘சமூகப் பின்புலத்தின் தாக்கம்’ என்று மற்றோர் அட்டவணையும் போட்டு, இரண்டுக்கும் தனித்தனியே பொருண்மை எண் கண்டுபிடித்து முடித்துவிடுகிறோம். வாழ்க்கை அப்படிப் பிரிந்து இயங்குவதில்லை. அதிகாரியின் மகளும் பெண்தான். அவர் கப்பல் ஏறினார். நானும் கூலிக்காரர் மகன்தான், நானும் ஏறினேன். கூலிக்காரரின் மகளாக இருந்தவர்தான் ஏறவில்லை. பாலினத்தை மட்டும் பார்த்தாலும் பின்புலத்தை மட்டும் பார்த்தாலும் அக்காவைக் காண முடியாது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் அவர் நிற்கிறார்.

அந்தப் புள்ளியில் என்ன செய்ய முடியும்? பிகார் ஒரு விடை தருகிறது. 2006இல் அம்மாநில அரசு உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதனால் மாணவியரின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண், பெண் சேர்க்கை இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதி. பெற்றோரின் மனப்பான்மையை மாற்ற ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தொலைவைக் குறைத்ததும், சைக்கிளில் கூட்டமாகப் போகும் பெண்களைக் கண்டு மனப்பான்மையும் தானே அசைந்தது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஹட் பேயின் தமிழ் மாணவி தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர் அல்லர். அவருக்கு அது எட்டாது.

எங்கள் தீவில் சைக்கிளுக்கு ஈடானது கப்பலும் கட்டிலும். சிறிய தீவுகளிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு மாணவிக்கும், தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, தலைநகர்க் கல்லூரி விடுதியில் ஓர் இடம் பெயரோடு உறுதிசெய்யப்பட வேண்டும். கல்லூரி திறக்கும் வாரத்தில் மாணவியர் சேர்ந்து பயணம் செய்யக் கப்பலில் இருக்கைகளும் ஓர் ஆசிரியையின் துணையும் ஒதுக்கப்பட வேண்டும். சேர்க்கைப் பணிகள் ஹட் பேயிலேயே முடிய வேண்டும். விண்ணப்பத்தைக் கொடுக்க ஒருமுறை, சான்றிதழைக் காட்ட ஒருமுறை என்று தகப்பனின் கூலி நாள்களைக் கடலில் கரைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் எழுந்த நான்கு கேள்விகளுக்கும் இவை நேரடி விடைகள். இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் அரசுக்குப் பெரிதன்று.

ஆய்வாளர்களாகிய நமக்கும் வேலை உண்டு. முதலாவது, பள்ளித் தரவில் தாயின் கல்வி, வீட்டு மொழி, பெற்றோரின் வேலைவகை ஆகிய மூன்றையும் கேட்காத ஆய்வைச் ‘சமூகப் பின்புலம்’ பற்றிய ஆய்வு என்று அழைக்காதிருப்போம். இரண்டாவது, தேர்ச்சியோடு நிற்காமல், ஓராண்டு கழித்து அந்த மாணவர் எங்கே இருக்கிறார் என்று கேட்போம். ஒவ்வொரு மாணவருக்கும் நிரந்தரக் கல்வி எண் வழங்கப்பட்டுவிட்ட இக்காலத்தில் இது இயலாத செயலன்று. மூன்றாவது, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. பட்டியலே இல்லாத என் தீவுகளுக்கு இது அரிய வாய்ப்பு. யார் எந்தப் பின்புலத்தோடு வந்தார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த வகுப்புவரை படித்தார்கள், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதை முதன்முறையாகப் பெயர் மறைத்துப் பார்க்க இயலும். தீவுவாரியாகவும் பாலினவாரியாகவும் அத்தரவு வெளியிடப்பட வேண்டும் என்று இப்போதே நாம் கோர வேண்டும். சாதி கரைந்தது என்போர் கூற்று மெய்யானால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். மெய்யில்லை என்றால் அதன்படி பட்டியலையும் உதவியையும் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

இதை எழுதுவதில் எனக்கொரு தயக்கம் இருந்தது. அக்காவின் இழப்பை என் ஆய்வுக்குப் பொருளாக்குகிறேனோ என்ற குற்றவுணர்வு. சென்ற முறை ஊருக்குப் போனபோது அவரிடமே கேட்டேன். “எழுது. ஆனா நான் படிக்க முடியலைன்னு எழுதாத, நான் படிச்சவதான். போக முடியலைன்னு எழுது” என்றார். பள்ளிச் சாதனைக்கும் சமூகப் பின்புலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் படித்த எந்த நூலும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. அவர் படித்தார், அதைப் பள்ளி அளந்தது. அவர் போகவில்லை, அதை எவரும் அளக்கவில்லை.

நான் முனைவர் பட்டத்துக்குப் படிப்பது என் திறமையால் மட்டுமன்று, எனக்கு முன்னே ஒருவர் ஜெட்டியில் நின்றுகொண்டதாலும்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் ஒருவருக்கான பணம்தான் இருந்தது. அது இரண்டாண்டுகள் காத்திருந்து எனக்கு வந்தது.

அக்காவின் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணிதத்தில் நன்றாக மதிப்பெண் எடுக்கிறாள் என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். இன்னும் மூன்றாண்டுகளில் அவளும் தேர்ச்சிப் பட்டியலில் வருவாள்; செய்தித்தாள் வழக்கமான தலைப்பை அச்சிடும். அந்த ஆண்டு நம் வீடுகளில் எழப்போகும் கேள்விகளுக்கு விடை சொல்ல நமக்கு இன்னும் மூன்றாண்டுகள் இருக்கின்றன.